வயல் தந்த உலை

தஞ்சை அரண்மனையில் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கலைக்கூடத்திற்குச் செல்வோர், திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகனரின் செப்புத் திருமேனியின்முன் நெடும்பொழுது நின்றுவிடுவது வழக்கம். அத்திருமேனி கி. பி. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதைக் கல்வெட்டுத் தெரிவிக்கிறது. பெருமானின் அருகில் இன்று இடபம் இல்லை. ஆயினும், அதன்மேல் ஊன்றியிருந்த கையின் நெகிழ்ச்சியைக் கண்டவர் இல்லாத இடபத்தையும் கண்டுவிட்டே மீள்வர்.

காண வருவோர் பலவாறு வினவுவர். எந்த மன்னன் காலத்தது, எந்தக் கோயிலில் இருந்தது, எவ்வளவு எடை என்பர். என்ன விலை பெறும் என்று கேட்பாரும் உளர். ‘இதனை வார்த்த உலை எத்தகையது?’ என்று கேட்பவர் மிக அரியர். அதற்குக் காரணமும் உண்டு. சிலை ஆயிரம் ஆண்டு நிற்கிறது. அதனைப் பெற்றெடுத்த மண் அச்சோ, வார்த்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடைக்கப்பட்டு மண்ணோடு மண்ணாகிவிட்டது. உலைக்குழியும் தூர்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி யார் வினவுவர்?

உலையை மறந்து சிலையை மட்டும் புகழ்வது, உழவை மறந்து சோற்றைப் புகழ்வதை ஒக்கும். அந்த உலை ஓர் அறிவுச் செல்வம். அதுவும் இக்காவிரிப் படுகையின் நெல்வயலிலிருந்து எழுந்த செல்வம். அதனைச் சில குடும்பங்களின் பரம்பரைத் தொழில் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஏனையோர் விலகி நிற்பது தகாது என்பதே என் கருத்து.

கும்பகோணத்திற்கு மேற்கே, காவிரிக் கரையில் உள்ளது சுவாமிமலை. முருகன் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூர், மெழுகு வார்ப்புமுறையில் செப்புத் திருமேனி செய்யும் ஸ்தபதிகளாலும் பெயர்பெற்றது. தாராசுரம் கோயில் எழுந்த காலத்தில் தம் முன்னோர் இப்பகுதிக்கு வந்தனர் என்றும், இங்குள்ள வண்டல் மண்ணின் சிறப்பைக் கண்டு இங்கேயே தங்கிவிட்டனர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இச்செய்தியில் நான் பெரிதாகக் கொள்வது ஒன்று: கோயில் கட்ட வந்தவரை ஊரில் நிலைநிறுத்தியது மண் என்று அவர்களே நம்புகின்றனர்.

அவர்களது பட்டறைக்குள் சென்றால் பெரிய இயந்திரம் எதனையும் எதிர்பார்க்க வேண்டா. முற்றத்திலோ கொல்லையிலோ ஒரு குழி, அதன் சுற்றிலும் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு எடுத்த சிறு சுவர், காற்று புக ஒரு குழாய், எரிக்கக் கரி. உலை என்பது பெரும்பாலும் இவ்வளவே. கடையில் விலைக்கு வாங்கியதன்று, அவர்களே கட்டியது. சுவர் வெடித்தால் மண் குழைத்துப் பூசுவர். இடிந்தால் மீண்டும் கட்டுவர். இவ்வளவு எளிய குழியிலிருந்தா இத்துணை அரிய உருவங்கள் வெளிவருகின்றன என்று முதன்முறை காண்பவர் ஐயுறுவர்.

முதலில் மெழுகால் உருவம் செய்யப்படுகிறது. தேன்மெழுகுடன் குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்து உருக்கி, வடிகட்டி, கைக்கு இணங்கும் பதத்தில் எடுப்பர். இக்காலத்தில் பாரபின் மெழுகும் சேர்வதுண்டு. உருவத்தின் அளவை அறிய அவர்கள் கையாள்வது ஒரு தென்னங்கீற்றின் ஓலை. சிலையின் உயரத்திற்கு ஓலையை நறுக்கி, அதனை மடித்து மடித்து அங்கங்களின் அளவைக் குறித்துக்கொள்வர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்பதனை அந்த ஓலையின் மடிப்பே சொல்லும். மெழுகு உருவம் முடிந்தபின் அதனை எடைபோடுவர். ஏன் தெரியுமா? மெழுகு நீரினும் சற்றே இலேசானது. செம்போ நீரினும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனமானது. ஆகவே, ஒரு கிலோ மெழுகு இருந்த இடத்தை நிரப்ப ஒன்பது கிலோ அளவுக்கு உலோகம் வேண்டும். சேதத்திற்குச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலிலும் மெழுகின் எடையைக் கொண்டு உலோகத்தின் எடையை அறியும் முறை கூறப்பட்டுள்ளது. வகுப்பறையில் ஒப்படர்த்தி என்று நாம் கரும்பலகையில் எழுதிப் படிப்பதைச் சிற்பி தராசில் வைத்துக் கண்டிருக்கிறான்.

மெழுகு உருவத்தின்மேல் மண்ணைப் பூசுவதே இக்கலையின் உயிர்நிலை என்பேன். முதற்பூச்சு மிக மெல்லியது. காவிரியின் நுண்ணிய வண்டலும், அரைத்த உமிக்கரியும் நீருடன் குழைக்கப்பட்டு மெழுகின்மேல் ஒரு தோல்போல் படிகின்றன. ஆபரணத்தின் ஒரு மணியும், கண்ணிமையின் ஒரு கோடும் தவறாமல் இம்மண்ணில் பதிய வேண்டும். அது நிழலில் உலர்ந்தபின் வயல் மண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு; அதன்மேல் பருமணல் மிகுந்த மூன்றாம் பூச்சு. பெரிய உருவமாயின் இரும்புக் கம்பிகளால் வரிந்து கட்டி, அதன்மேல் இன்னும் மண் ஏற்றுவர். மெழுகு வெளியேறவும், உலோகம் உட்செல்லவும், காற்று தப்பவும் வழிகள் முன்னரே அமைக்கப்பட்டிருக்கும். வெயிலில் வைத்து விரைந்து உலர்த்தலாகாது. மெழுகு இளகும், மண்ணும் வெடிக்கும்.

உமியும் உமிக்கரியும் செய்யும் வேலையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். களிமண் மட்டும் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சூடேறும்போது உள்ளே பிறக்கும் ஆவிக்கு வெளியேற வழியிராது. நுண்ணிய கரித்துகள் கலந்தால் மண் வெடியாமல் நிற்கிறது. காற்றும் ஆவியும் ஊர்ந்து செல்ல நுண்ணிய வழிகள் கிடைக்கின்றன. உலைச்சுவரின் மண்ணில் உமியைச் சேர்த்தால் சூட்டில் உமி எரிந்து சிறுசிறு வெற்றிடங்கள் உண்டாகின்றன. அவை உள்வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கின்றன. உமியை முற்ற எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள சாம்பல் எஞ்சும். அச்சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா என்னும் மணற்சத்து. அது பெருந்தீயைத் தாங்கவல்லது. நெல் மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் உறையில் சேர்த்துவைத்த சத்து இங்ஙனம் உலையில் பயன்படுகிறது. அரிசி வயிற்றுக்கு, வைக்கோல் மாட்டுக்கு, உமி உலைக்கு. மாடு தந்த சாணமும் வறட்டியாகி அதே உலைக்கு வந்து சேர்கிறது. தென்னந்தோப்பின் கொட்டாங்கச்சி கரியாகி வருகிறது. ஆறு வண்டலைக் கொணர்கிறது. மெழுகையும் உலோகத்தையும் தவிர, இத்தொழிலுக்கு வேண்டியவற்றுள் பெரும்பாலானவை ஓர் உழவனின் வீட்டைச் சுற்றியே கிடப்பவை.

இனித் தீ. மக்கள் உலை என்று ஒன்றையே எண்ணுகின்றனர். உண்மையில் இங்கே தீ இரண்டு. முதல் தீ மண் அச்சுக்கு உரியது. அச்சை வறட்டியால் மூடி எரிப்பர். மெழுகு உருகித் தன் வழியே வடிந்துவிடும். அதன்பின்னும் எரிப்பதை நிறுத்துவதில்லை. அச்சு உள்ளும் புறமும் காய்ந்து நன்கு சூடேறும் அளவும் எரிப்பர். பொறுமையற்றவன் தவறுவது இங்கேதான். மெழுகு போயிற்றே, இனி என்ன என்று நிறுத்திவிட்டால், மண்ணின் உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் பகையாகிவிடும். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1700 மடங்கு விரிகிறது. ஒரு தேக்கரண்டி ஈரத்தின்மேல் உருகிய செம்பு பட்டால் என்ன நிகழும் என்பதனை எண்ணிப் பாருங்கள். அச்சு பிளக்கும், உலோகம் தெறிக்கும், அருகில் நிற்பவரின் உயிருக்கே இடராகும். அச்சு குளிர்ந்திருந்தாலும் குறையே. விரல்நுனி போன்ற மெல்லிய இடங்களை அடையுமுன் உலோகம் உறைந்து, விரலில்லாத கையுடன் உருவம் வெளிவரும். பல வாரம் செய்த மெழுகு உருவமோ முன்னரே உருகிப் போய்விட்டது! மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதன்றி வேறு வழியில்லை.

இரண்டாம் தீ உலோகத்திற்கு உரியது. மூசை என்னும் மண்கலத்தில் உலோகத்தை இட்டு, கரி நிறைந்த உலையில் வைத்துக் காற்றூதுவர். தூய செம்பு உருகச் செல்சியசு அளவில் 1085 பாகை வெப்பம் வேண்டும். வெறுமனே எரியும் கரி இவ்வெப்பத்தை எளிதில் தராது. காற்று ஊத ஊதத்தான் செந்நிறம் மஞ்சளாகி, மஞ்சள் வெண்மையை நெருங்கும். வெள்ளீயம் பத்தில் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 1000 பாகையிலேயே செம்பு உருகிவிடும். நன்கு ஓடவும் செய்யும். பித்தளையைச் சேர்ப்பதில் வேறொரு நுட்பம் உண்டு. அதிலுள்ள துத்தநாகம் 907 பாகையிலேயே கொதிக்கக்கூடியது. நெடுநேரம் காய்ச்சினால் அது வெண்புகையாய்ப் பறந்துவிடும். புகை உடலுக்கும் தீது. ஐம்பொன் என்று நாம் வழங்கினாலும், பழைய சோழர் திருமேனிகளை ஆராய்ந்தோர் அவற்றில் செம்பே மிகப் பெரும்பங்கு என்றும், வெள்ளீயமும் காரீயமும் அதனுடன் கலந்துள்ளன என்றும் கண்டுள்ளனர்.

உலையின் கடுமையை உணர இத்தாலி நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். பென்வெனுட்டோ செல்லினி என்னும் சிற்பி 1549-ஆம் ஆண்டு புளோரன்சு நகரில் ‘பெர்சியூசு’ என்னும் பெருஞ்சிலையை மெழுகு முறையில் வார்க்க முற்பட்டான். உலை மூண்டெரிந்தபோது பட்டறைக் கூரையில் தீப்பற்றிற்று. மறுபுறம் மழையும் காற்றும் உள்ளே புகுந்து உலையைக் குளிரச் செய்தன. சிற்பியோ காய்ச்சலால் படுக்கையில் வீழ்ந்தான். உலோகம் இறுகிக் கட்டியாகிவிட்டது என்ற செய்தி வந்தது. துள்ளி எழுந்து ஓடியவன் உலர்ந்த கருவாலி விறகைக் கொணர்ந்து உலையில் திணித்தான், உலோகம் இளகியது. அது போதிய அளவு ஓடவில்லை என்று கண்டதும், வீட்டிலிருந்த வெள்ளீயக் கலவைத் தட்டுகள் ஏறக்குறைய இருநூற்றையும் எடுத்து உள்ளே எறிந்தானாம். இதனைத் தன் வரலாற்றில் அவனே எழுதியுள்ளான். தன் பெருமையை மிகுத்துரைக்கும் இயல்பு அவனுக்கு உண்டு. எனினும், வெள்ளீயத்தைத் தேடி அவன் ஓடியதில் பொருள் இருக்கிறது என்பதனை மேலே சொன்ன கணக்கு நமக்குக் காட்டுகிறது. அச்சிலை இன்றும் புளோரன்சு நகரின் நடுவே நிற்கிறது. நான் எண்ணுவது இதுதான்: செல்லினி தன் உலையைப் பற்றி எழுதிவைத்தான், உலகம் அதனைப் படிக்கிறது. நம் சிற்பிகள் நூற்றுக்கணக்கான முறை உலையோடு போராடியிருப்பர். அவர்களுள் ஒருவரும் அதனை எழுதிவைத்ததாகக் காணோம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், அங்கு வைத்த செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழமும் விரலுமாகக் குறிக்கின்றன. கைகள் எத்தனை, பீடம் எத்தகையது என்றும் சொல்கின்றன. வார்த்தவன் பட்ட பாட்டை அவை சொல்லவில்லை.

உருகிய உலோகத்தை ஊற்றும் வேலை விரைவில் முடிந்துவிடும். சூடான அச்சைக் குழியில் வாய் மேலாகப் புதைத்து, சுற்றிலும் மண்ணை இறுக்கி, மெல்லிய தாரையாக, இடையறாமல் ஊற்றுவர். காற்றுவழியில் உலோகம் எட்டிப்பார்த்தால் உருவம் நிரம்பிவிட்டது என்பது குறிப்பு. ஆறியபின் அச்சை உடைப்பர். பின்னர் உளியும் அரமும் கொண்டு நாள் பல செப்பம் செய்வர்.

இக்கலையைப் பற்றிப் பேசுவோருள் இருதிறத்தார் உளர். ஒரு திறத்தார், எதனையும் மாற்றலாகாது என்பர். மற்றொரு திறத்தார், இந்த மண்ணும் வறட்டியும் எதற்கு, நல்ல உலை ஒன்றை வாங்கிவைத்தால் தொல்லை தீர்ந்ததே என்பர். இருவரோடும் நான் முழுதும் உடன்படவில்லை. தோல் துருத்தியை மிதித்துக் கால் சோர்ந்த காலம் போய், மின்விசையால் காற்றூதும் கருவி வந்துவிட்டது. அதனால் கலைக்கு என்ன குறைவு நேர்ந்தது? ஒன்றுமில்லை. வெப்பத்தை அளக்கும் கருவியையும், துத்தநாகப் புகையைத் தடுக்கும் முகமூடியையும் அவ்வாறே வரவேற்க வேண்டும். சிற்பியின் நுரையீரல் கருகித்தான் மரபு காக்கப்பட வேண்டுமென்பது கொடுமை. ஆனால், மண்ணின் செய்தி வேறு. எந்தப் பூச்சுக்கு எந்த மண், எவ்வளவு உமிக்கரி, எத்தனை நாள் நிழல் என்ற அறிவு விலைக்குக் கிடைக்காது. கை அதனை மறந்துவிட்டால் மீட்பதும் எளிதன்று.

பழைய முறை என்று இதனை இகழ்வோர் வேறு இரண்டு செய்திகளையும் அறிதல் வேண்டும். வானூர்திப் பொறிகளின் சுழல் அலகுகள் இன்றும் மெழுகு உருவத்தின்மேல் உறையிட்டு, மெழுகை நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்தே செய்யப்படுகின்றன. உறையின் பொருள் மாறியது, கருத்து மாறவில்லை. மேனாடுகளில் படித்த இளைஞர் பலர், பழைய தகரப் பீப்பாயின் உட்புறம் தீ தாங்கும் மண்ணைப் பூசித் தம் வீட்டுக் கொல்லையில் தாமே சிறு உலை அமைத்து வார்ப்புப் பழகுகின்றனர். அங்கே படித்தவர் விரும்பிச் செய்வதை, இங்கே படித்தவர் தாழ்ந்த வேலை என்று ஒதுக்குவது என்ன அறிவோ!

மண்ணைப் பற்றி இன்னொரு கவலையும் உண்டு. வெள்ளம் வரும்போதெல்லாம் காவிரி வண்டலைக் கொணர்ந்து கரையில் பரப்பிய காலம் ஒன்று. 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை எழுந்தபின் வெள்ளக் கொடுமை தணிந்தது, பாசனம் ஒழுங்குபட்டது. அது பெருநன்மையே. எனினும், அணை எதுவாயினும் நீரோடு வரும் மண்ணில் ஒரு பகுதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். அதன்மேல் ஆற்று மணலை அளவின்றி வாரிச் செல்வோரும் பெருகிவிட்டனர். மணல் கொள்ளை போகிறது என்றால் கிணறு வற்றுவதையே நாம் பேசுகிறோம், அது சரியே. அதே ஆற்றங்கரை மண்ணை நம்பிச் சுவாமிமலை வார்ப்பாளரும், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்ப்போரும் பிழைக்கின்றனர் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இது குருதியில் வரும் கலை, பிறர்க்கு வாராது என்பாரும் உளர். நான் அதனை ஒப்பவில்லை. மாமல்லபுரத்தில் 1957-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம், பின்னர்க் கல்லூரியாகி, பல குடிகளிலிருந்தும் வந்த மாணவர்க்குச் சிற்பம் கற்பித்து வருகிறது. குருதியில் வருவது உழைப்பைக் கண்டு பழகிய கண் ஒன்றே. அதனைப் பிறர்க்கும் பழக்கலாம். 2023-ஆம் ஆண்டு தில்லியில் உலகத் தலைவர் கூடிய மண்டபத்தின்முன் 27 அடி உயரமுள்ள நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டது. 18 டன் எடையுள்ள அதனைச் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு முறையிலேயே வார்த்தனர். நாட்டின் தலைநகர் நாடிவந்த அறிவு, பதினைந்து கல் தொலைவிலுள்ள பள்ளிக்குத் தெரியாமல் இருக்கலாமா?

பள்ளிகள் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. உருகிய உலோகத்தின் பக்கம் மாணவர் செல்லவே கூடாது. அது பல்லாண்டு பழகியவர் கைக்கு உரியது. மண்ணைப் பழகுவதில் இடரில்லை. ஆசிரியர் முன்னிலையில், முழங்கால் உயரமுள்ள சிறு சூளை ஒன்றைப் பள்ளித் தோட்டத்தில் மாணவரே கட்டலாம். வெறுங்களிமண், உமி கலந்த மண், உமிக்கரி கலந்த மண், மணல் கலந்த மண் என வகைக்குச் சில வில்லைகள் தட்டி, நிழலில் உலர்த்தி, அச்சூளையில் சுட்டு, எது வெடித்தது, எது நின்றது, எடை எவ்வளவு குறைந்தது என்று ஏட்டில் குறிக்கலாம். ஒரு முறை சுவாமிமலைக்குச் சென்று, பெரியவர் ஒருவரிடம் அந்த ஏட்டைக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தையும் எழுதிக்கொள்ளலாம். அவர் மண்ணுக்கும் பதத்துக்கும் வழங்கும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதிவைத்தால், அது இதுவரை எந்தப் பாடநூலிலும் இல்லாத ஏடாக இருக்கும்.

இதற்கு ஏற்ற பருவமும் இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அதற்குமுன் வாய்க்கால்களைத் தூர்வாரி, அள்ளிய வண்டலைக் கரையில் குவித்திருப்பர். பள்ளி திறக்கும் நாளும் அதனை ஒட்டியே வருகிறது. தண்ணீர் வந்து கரைப்பதற்குள் நான்கு கூடை மண்ணை எடுத்து வந்துவிட்டால் போதும். உமி அருகிலுள்ள அரிசி ஆலையில் கிடைக்கும்.